துணையாக வந்தவர்

ஏஜெண்ட் இரண்டு ஃபைல்களையும் வாங்கிப் புரட்டினார். ஒன்றைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு மற்றதை, குடித்து முடித்த டீ கிளாஸைத் தள்ளுவதுபோல, மேஜையின் ஓரத்துக்குத் தள்ளினார். தள்ளப்பட்டது சாருடைய ஃபைல்.

பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் அவர் சார்தான். இங்கிலீஷ் சார் என்று யாரும் நீட்டிச் சொல்வதில்லை. சார் என்றாலே அவர்தான். அவர் மனைவிக்கும் அவர் சார். அதே பள்ளியில் ஆரம்ப வகுப்புகளுக்கு இங்கிலீஷ் எடுக்க வந்த நாளில் கூப்பிட்ட பழக்கம், கல்யாணமாகி, மகள் பிறந்து, அந்த மகள் காலேஜ் விடுதிக்குப் போன பிறகும் மாறவில்லை. அவரும் அவளை மிஸ் என்றுதான் கூப்பிடுவார். வீட்டுக்குள் ஒரு ஸ்டாஃப் ரூம் நடக்கிறது என்று மகள் கேலி செய்வாள்.

பள்ளியின் முதலாளி கட்டடத்தைக் குடோனுக்கு விற்றுவிட்டார். ஒரே மாதத்தில் கரும்பலகைகள் கழற்றப்பட்டு, பெஞ்சுகள் லாரியில் ஏறிப் போயின. சாருக்கு அப்போது ஐம்பத்தாறு, மிஸ்ஸுக்கு நாற்பத்து மூன்று. சுற்றுவட்டாரத்துப் பள்ளிகளில் கேட்டுப் பார்த்தார்கள். எல்லோரும் நாற்காலி போட்டு, காபி கொடுத்து, சாரின் அனுபவத்தைப் புகழ்ந்து, வாசல் வரை வந்து வழியனுப்பி வைத்தார்கள். அதன் பிறகுதான் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் இந்த ஏஜெண்ட்.

"தப்பா நினைச்சுக்காதீங்க சார்," என்றார் ஏஜெண்ட். "உங்க இங்கிலீஷுக்கு நான் மார்க் போட முடியுமா. ஆனா அங்க பேப்பர் போன உடனே முதல்ல பிறந்த தேதியைப் பாப்பாங்க. அப்புறம் போட்டோ. படிப்பு, அனுபவம் எல்லாம் அதுக்கப்புறம்தான். உங்களுது முதல் வரியிலயே நின்னுடும். மேடத்துக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கு."

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது மிஸ் சொன்னாள், "இன்னும் கொஞ்ச நாள் இருக்காமே. நான் என்ன பால் பாக்கெட்டா சார்?"

சார் சிரித்தார். பஸ் வரும் வரைக்கும் ஃபைலின் நாடாவை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக நின்றார்.

மிஸ்ஸின் புகைப்படத்தை ஏஜெண்ட் மூன்று முறை திருப்பி அனுப்பினார். கண்ணாடி போடக் கூடாது, பல் தெரியச் சிரிக்க வேண்டும், கன்னத்தில் வெளிச்சம் விழ வேண்டும் என்றார். பல் தெரியச் சிரித்த படத்தில் தன்னைப் பார்க்கத் தனக்கே பயமாக இருப்பதாக மிஸ் சொன்னாள். அந்தப் படத்துக்குத்தான் ஒரு வெளிநாட்டுப் பள்ளியில் வேலை கிடைத்தது.

தனியாகப் போக முடியாது என்று அவள் பிடிவாதமாக நின்றாள். வேலைக்கு வருகிறவரின் துணை என்று சாருக்கும் விசா தரலாம் என்று தெரியவந்தது. மகளைத் தாய்மாமா பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். விசா வந்தபோது அதில் சாருடைய பெயருக்கு நேராக 'டிபெண்டண்ட்' என்று அச்சடித்திருந்தது. சார் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இந்த வார்த்தையில கடைசியில ஏ வருமா ஈ வருமான்னு முப்பது வருஷம் சொல்லிக்கொடுத்தேன் மிஸ். கடைசியில நானே அதுவா ஆயிட்டேன்."

அங்கே அவர்களுக்குக் கிடைத்த ஃபிளாட் ஓர் உயரமான கட்டடத்தின் மேல்மாடிகளில் ஒன்றில் இருந்தது. ஒரு படுக்கையறை, சமையலுக்கு ஒரு மூலை, துணி துவைக்கும் இயந்திரம் வைத்த பால்கனி. எதிரிலும் பக்கத்திலும் அதே போன்ற கட்டடங்கள். அவற்றின் இடுக்கில் காற்று புகுந்து வரும்போது விசில் அடிக்கும். போன புதிதில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று சார் பால்கனிக் கதவைத் திறந்து பார்ப்பார். குளிர்காலம் தொடங்கியிருந்தது. சூரியன் வந்தாலும் ரப்பர் வைத்துப் பாதி அழித்ததுபோல இருந்தது. துவைத்த துணி காய நாளாகியது. மிஸ்ஸின் சாக்ஸை நாற்காலி முதுகில் போட்டு, ஹீட்டர் பக்கம் திருப்பித் திருப்பி வைத்துக் காயவைப்பது சாரின் வேலைகளில் ஒன்றானது.

பள்ளி வேன் விடியும் முன்னே வரும். மிஸ் ஒரு கையில் ரொட்டித் துண்டும் மறு கையில் கோட்டுமாக லிஃப்டுக்கு ஓடுவாள். அவள் போனதும் சார் பாத்திரம் கழுவுவார், வீடு கூட்டுவார், அரிசி களைந்து வைப்பார். ஊரில் அவர் அடுப்பங்கரைப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. இங்கே பருப்பு குழைந்ததா என்று கரண்டியால் நசுக்கிப் பார்க்கவும், முட்டைக்கோஸைத் தண்ணீர் விடாமல் வதக்கவும் கற்றுக்கொண்டார். தெருமுனைக் கடைக்காரப் பெண்ணுக்கு அந்த ஊர் மொழி தவிர வேறெதுவும் தெரியாது. சார் விரலால் காட்டித்தான் வாங்குவார். முட்டை மட்டும் உள்ளறையில் இருந்ததால் முதல் தடவை இரண்டு கையையும் மடக்கிக் கோழிபோல ஆட்ட வேண்டியிருந்தது. கடைக்காரப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். அதன் பிறகு அவர் தலையைப் பார்த்ததும் முட்டையை எடுத்து வந்துவிடுவாள். அந்தக் கோழியாட்டமும் நின்றுபோனது. அதற்குப் பிறகு கடையில் ஒரு சத்தம்கூடப் போடாமல் சாமான் வாங்கிக்கொண்டு வர முடிந்தது.

லிஃப்டில் வருகிறவர்கள் தலையசைப்பார்கள். அவ்வளவுதான். முப்பது வருடம் பேசியே பிழைத்த மனுஷனுக்குக் காலையில் மிஸ்ஸை அனுப்பிவிட்டுச் சாயங்காலம் கதவைத் திறக்கும் வரை வாயைத் திறக்க வேலை இல்லை. ஒரு நாள் அவள் வந்து ஷூவைக் கழற்றும்போது ஏதோ கேட்க வாயெடுத்தவருக்குச் சத்தமே வரவில்லை, காற்றுதான் வந்தது. செருமிக்கொண்டு மறுபடி கேட்டார். அவளும் கம்மிய குரலில் பதில் சொன்னாள். அவளுக்குப் பேசிப் பேசித் தொண்டை கட்டியிருந்தது. அவருக்குப் பேசாமல் கட்டியிருந்தது.

கஷ்டம் அங்கேதான் தொடங்கியது. அவர் நாள் முழுவதும் சேர்த்து வைத்த பேச்சோடு காத்திருப்பார். எதிர் கட்டடத்தில் சோபாவைக் கயிறு கட்டி மேலே ஏற்றினார்கள், கடைக்காரப் பெண் முடி வெட்டிக்கொண்டாள், குழாயில் இன்று வெந்நீர் வரவில்லை, இப்படி. அவளோ வாளியில் வெந்நீர் ஊற்றிக் காலை வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவாள்.

"கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசாதீங்க சார். காதுக்குள்ள பிள்ளைங்க இன்னும் கத்திட்டிருக்கு."

அவருக்குப் புரிந்தது. அவரும் அந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர். தட்டுகூடச் சத்தமில்லாமல் எடுத்து வைப்பார். அவள் சாப்பிட்டதும் தூங்கிவிடுவாள். சேர்த்து வைத்த பேச்சு அப்படியே மறுநாளைக்குப் போகும். மறுநாள் அது பழையதாகிவிட்டிருக்கும்.

சில வாரங்கள் கழித்து அவர் தன் சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு ஊருக்குள் இருந்த இங்கிலீஷ் வகுப்புக் கூடங்களுக்கு நடக்க ஆரம்பித்தார். முதல் இடத்தில் வரவேற்பில் இருந்த பெண் எழுந்து அவரைக் கையைப் பிடிக்காத குறையாக அழைத்துப் போய், வகுப்பு முடிந்து பிள்ளைகளைக் கூட்டிப் போக வந்தவர்களின் வரிசையில் உட்காரவைத்தாள். பேரன் எந்த வகுப்பு என்று கேட்டாள். அவர் ஃபைலைக் காட்டிய பிறகு முகம் சிவந்து உள்ளே ஓடினாள். உள்ளேயிருந்து யாரும் வரவில்லை.

இன்னோர் இடத்தில் மேனேஜர் ஓர் இளைஞன். மரியாதையானவன். ஒரு வகுப்பு எடுத்துக் காட்டச் சொன்னான். சார் எடுத்தார். வேலை முடிந்து வந்து உட்கார்ந்திருந்த அலுவலக ஆட்கள் கடைசியில் கை தட்டினார்கள். மேனேஜர் தன் போனில் அந்த ஊர் மொழியில் ஏதோ தட்டி, அது ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுத்ததை நீட்டினான். 'உங்கள் அனுபவம் மிக உயர்ந்தது. எங்கள் வகுப்பறை இளமையானது' என்றிருந்தது. வகுப்பறை எப்படி இளமையாக இருக்க முடியும், அந்த வாக்கியத்தில் என்ன கோளாறு என்று சார் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தார். இலக்கணப்படி அதில் ஒரு கோளாறும் இல்லை.

மிஸ்ஸிடம் இதை வேடிக்கைபோலச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. தன் பள்ளியிலும் பக்கத்து வகுப்பு வாத்தியார் கல்லூரியை இப்போதுதான் முடித்த வெள்ளைக்காரப் பையன் என்றாள். நல்ல பையன்தான், கிடார் வாசிப்பான், ஆனால் பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டச் சொல்லித்தரத் தெரியாது, அவன் வகுப்பு நோட்டுகளையும் தானே திருத்துவதாகச் சொன்னாள். பள்ளியின் விளம்பரப் பலகையில் அவன் படம்தான் பெரிதாக இருக்கிறதாம். அவள் படம் பின் வரிசையில்.

குளிர் முற்றியபோது ஊரெங்கும் காய்ச்சல் பரவியது. மிஸ்ஸின் பள்ளியில் பாதி ஆசிரியர்கள் படுத்துவிட்டார்கள், கிடார் பையனும்தான். அந்த வகுப்புக்கு ஆள் இல்லை. தலைமையாசிரியை மிஸ்ஸைக் கூப்பிட்டு, உங்கள் கணவரும் ஆசிரியர் என்று சொன்னீர்களே, ஒரு வாரம் வர முடியுமா என்று கேட்டாள்.

மிஸ் அன்று வேனிலிருந்தே போன் பண்ணிச் சொன்னாள். சார் அடுப்பை அணைத்துவிட்டு சட்டையைத் தேடப் போனார்.

அவர் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவரில்லை. மறுநாள் வேனில் போகும்போது மிஸ்ஸிடம் யோசனை கேட்டுக்கொண்டே வந்தார். அவள் சொன்னாள், "ஒண்ணும் பயப்படாதீங்க. அதுங்களுக்கு உங்க இலக்கணம் வேண்டாம். கூட விளையாடினாப் போதும்."

இன், ஆன், அண்டர் என்று பாடம். சார் பந்தைப் பெட்டிக்குள் போட்டார், நாற்காலிமேல் வைத்தார். அண்டர் வந்ததும் பந்தை வைக்காமல், கோட்டைக் கழற்றிவிட்டுத் தானே மேஜைக்கு அடியில் புகுந்துகொண்டார். பிள்ளைகள் ஒரு கணம் திகைத்து, பிறகு கூரை அதிரக் கத்தினார்கள். வெளியே வரும்போது முழங்கால் பிடித்துக்கொண்டது. எழ முடியவில்லை. பத்துப் பன்னிரண்டு சின்னக் கைகள் சட்டையையும் பெல்டையும் பிடித்து அவரை இழுத்து வெளியே போட்டன. பிறகு ஒவ்வொருவராக மேஜைக்கு அடியில் புகுந்து, தங்களையும் அதே மாதிரி இழுக்கச் சொன்னார்கள். இழுப்பதற்கு முன் எங்கே இருக்கிறாய் என்று கேட்பார். முழு வாக்கியமாகப் பதில் சொன்னால்தான் இழுப்பார். வார முடிவில் அந்த வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை இல்லை.

அந்த வாரம் வீட்டில் சாயங்காலங்கள் வேறு மாதிரி இருந்தன. இருவருக்கும் தொண்டை கட்டியிருந்தது. இருவரும் ஒரே வாளியில் காலை வைத்துக்கொண்டு பேசினார்கள். முன் பல் இல்லாத ஒரு குட்டிப் பையன் அண்டர் என்ற சொல்லை எப்படிச் சொல்கிறான் என்று சார் சொல்லிக் காட்ட, மிஸ் சிரித்துச் சிரித்து வாளித் தண்ணீரைச் சிந்தினாள்.

காய்ச்சல் தணிந்து ஆசிரியர்கள் திரும்பினார்கள். தலைமையாசிரியை சாரின் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். இன்னொரு வகுப்பு ஆரம்பிக்க இருப்பதாகவும், அதற்கு அவரைக் கூப்பிடுவதாகவும் சொன்னாள். மனதாரத்தான் சொன்னாள்.

இரண்டு நாள் கழித்து அவளே மிஸ்ஸைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். கதவைச் சாத்தினாள். வகுப்பில் எடுத்த படங்களைப் பள்ளி வழக்கம்போலப் பெற்றோருக்கு அனுப்பியிருக்கிறது. மேஜைக்கு அடியில் சார் இருக்கும் படமும் அதில் ஒன்று. சிலர் புகார் செய்தார்களாம். பள்ளிக்கு ஆள் கிடைக்கவில்லையா, தாத்தாவைக் கொண்டுவந்து வைத்திருக்கிறீர்களே என்று கேட்டார்களாம். மிஸ்ஸுக்குக் காது சுட்டது. ஆனால் தலைமையாசிரியை இன்னும் முடிக்கவில்லை.

அவர் யார் என்று கேட்டார்கள், என்றாள். இங்கிலீஷ் டீச்சருடைய கணவர் என்று ஒருத்தர் சொல்ல, அப்படியென்றால் அந்த டீச்சருக்கு என்ன வயது என்று பேச்சு கிளம்பியது. நான்தான் குறுக்கிட்டு, இல்லை, அவர் அந்த டீச்சருடைய அப்பா என்று சொல்லி நிறுத்தினேன். உங்கள் நல்லதுக்குத்தான். அடுத்த வருட ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகவில்லை, நிர்வாகத்திடம் நான்தானே பேச வேண்டும்.

மிஸ் நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனாள். அன்று வேனில் கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள்.

வீட்டில் சார் அட்டைப் பெட்டிகளை வெட்டிச் சீட்டுகள் செய்துகொண்டிருந்தார். புது வகுப்புக்கு என்றார். பூனை, குடை, நாற்காலி என்று படம் வரைந்து, கீழே எழுதியிருந்தார். படம் வரைய வராதவர். பூனைக்கு நாய் மூஞ்சி இருந்தது. மிஸ் அதையெல்லாம் பார்த்தாள். அன்றைக்குச் சொல்லிவிட நினைத்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று படுத்தாள். மறுநாள் அவர் குளித்து, சட்டைக்கு இஸ்திரி போட்டு, ஒருவேளை அவசரமாகக் கூப்பிட்டால் உடனே கிளம்ப வசதியாக நாற்காலியில் மாட்டி வைத்திருந்தார். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. புது வகுப்பு எப்போது என்று அவர் கேட்கும்போதெல்லாம், இன்னும் பிள்ளைகள் சேரவில்லை என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். உண்மையில் பிள்ளைகள் சேர்ந்து, வகுப்பு ஆரம்பித்து, அதற்குப் பாடம் எடுக்க ஓர் இளம் பெண்ணும் வந்துவிட்டிருந்தாள்.

சாருக்கு விஷயம் தெரிந்தது முட்டைக் கடையில். உருளைக்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தவரை யாரோ பின்னால் வந்து காலோடு கட்டிக்கொண்டார்கள். அந்த முன்பல் இல்லாத பையன். அவரைப் பார்த்த சந்தோஷத்தில் ஓடிப்போய்க் காய்கறித் தட்டுக்குக் கீழே புகுந்துகொண்டு, தான் எங்கே இருக்கிறான் என்பதை முழு வாக்கியத்தில் கத்தினான். சார் அவனை இழுத்து வெளியே விட்டார். கடைக்காரப் பெண்கூடக் கை தட்டினாள்.

பையனின் அம்மா தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தாள். போனை எடுத்து வெகு நேரம் தட்டினாள். பிறகு திரையை அவர் பக்கம் திருப்பினாள். 'உங்கள் மகள் நல்ல ஆசிரியை. நீங்களும். உங்கள் வயதைப் பற்றிப் புகார் செய்தவர்களில் நான் இல்லை.'

முதல் வாக்கியத்தில் இயந்திரம் தவறு செய்திருக்கிறது, மகள் இல்லை, மனைவி என்று திருத்தச் சார் வாயெடுத்தார். திருத்தியே பழகிய வாய். அதற்குள் கண் மூன்றாவது வாக்கியத்துக்குப் போய்விட்டது. அந்த அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நல்ல மனசோடுதான் நின்றாள். சார் நன்றி என்று சொன்னார். உருளைக்கிழங்கை நிறுத்துக்கூட வாங்காமல் வெளியே வந்தார்.

அன்று மிஸ் வந்தபோது வெந்நீர் வாளி தயாராக இருந்தது. சட்டை நாற்காலியில் இல்லை. சீட்டுகளும் இல்லை. சார் பேசவே இல்லை. ஒன்றும் பேசாதீர்கள் என்று அவள் சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. சாதம் போட்டார், பருப்பு ஊற்றினார், எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்.

"உடம்பு சரியில்லையா சார்?"

"நல்லாத்தான் இருக்கேன். கடையில ஒரு அம்மாவைப் பாத்தேன்." அவர் தண்ணீர் குடித்தார். "உங்க மகள் நல்லாப் பாடம் நடத்துறாங்கன்னு சொன்னாங்க."

மிஸ் கரண்டியைத் தட்டில் வைத்தாள்.

"நான் சொல்லல சார். ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்லிட்டாங்க. நான் மறுக்கல. நான் பண்ணினது அவ்வளவுதான்."

"ஏன் மறுக்கல?"

"அடுத்த வருஷத்துக்கு இன்னும் கையெழுத்து ஆகல. புருஷனுக்கே இந்த வயசுன்னா, அந்த டீச்சருக்கு என்ன வயசுன்னு கேட்டாங்களாம்." அவள் குரல் உடைந்திருந்தது. தொண்டைக் கட்டா, அழுகையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. "பால் பாக்கெட்டுல தேதி நெருங்கிடுச்சு சார்."

சார் யோசித்தார். "பதிமூணு வயசு வித்தியாசம்னு சொல்லியிருக்கலாமே. உங்க அப்பாவே முதல்ல அதுக்குத்தான் வேண்டாம்னாரு."

சிரிக்கவைக்கத்தான் சொன்னார். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. அவர் எழுந்து இரண்டு தட்டையும் எடுத்துக்கொண்டு போனார். குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு வெகு நேரம் கழுவினார்.

ஒப்பந்தத்துக்குப் புதுப் படம் வேண்டும் என்று பள்ளியில் கேட்டிருந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மிஸ் தலைச்சாயம் ஒரு பாக்கெட் வாங்கி வந்தாள். இதுவரை அவள் தலைக்கு மை போட்டதில்லை. வகிட்டில் நரை ஓடியிருந்தது. பின் கழுத்தில் இன்னும் அதிகம், அது அவளுக்கே தெரியாது. குளியலறைக் கண்ணாடி முன் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, முன் பக்கம் தானே பூசிக்கொண்டாள். பின்பக்கம் கை எட்டவில்லை. சார் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே வந்து, அவள் கையிலிருந்த பிரஷ்ஷை வாங்கி, பாக்கெட்டில் இருந்த மெல்லிய உறையைக் கையில் மாட்டிக்கொண்டார்.

முடியைக் கொத்துக் கொத்தாகப் பிரித்து, வேர் வரைக்கும் பூசினார். பாடம் எடுக்கிற அதே கவனத்தோடு, ஓரத்திலிருந்து ஆரம்பித்து விட்டுப்போகாமல் பூசினார். காதில் பட்டதை உடனே ஈரத் துணியால் துடைத்தார். மருந்து வாசனை அந்தச் சின்ன அறையில் மூச்சை அடைத்தது. வெளியே காற்று விசிலடித்துக்கொண்டிருந்தது.

"ஏதாவது பேசுங்க சார்," என்றாள் மிஸ்.

அவர் பேசுவதற்கு எதையாவது தேடினார். எதிர் கட்டடத்தைப் பற்றியோ, கடையைப் பற்றியோ, வெந்நீரைப் பற்றியோ சொல்ல அன்று ஒன்றுமே இல்லை.

"கண்ணை மூடிக்கோ மிஸ்," என்றார். "எரியும்."

அவள் மூடிக்கொண்டாள். தண்ணீர் ஊற்றிக் கழுவியபோது கறுப்பு நீர் ஓடி, மெல்ல மெல்லத் தெளிந்தது. துண்டால் துவட்டிவிட்டு நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தார்கள். அவளுக்குப் பத்து வயது குறைந்திருந்தது. பின்னால் நின்ற சாரின் நரைத்த தலை இன்னும் வெள்ளையாகத் தெரிந்தது. அந்தக் கண்ணாடியில் இருப்பவர்கள் யார் யாருக்கு என்ன வேண்டும் என்று ஒரு புது ஆளைக் கேட்டால், அவன் தலைமையாசிரியை சொன்னதையேதான் சொல்லியிருப்பான். இருவரும் ஒரே நேரத்தில் பார்வையை விலக்கிக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் சார் தான் ஊருக்குத் திரும்பப் போவதாகச் சொன்னார். மகள் தனியாக இருக்கிறாள், விடுதிச் சாப்பாடு அவளுக்கு ஒத்துக்கொள்வதில்லை, ஒரு சின்ன வீடு பார்த்துக் கூட இருக்கலாம், சமையலும்தான் இப்போது வந்துவிட்டதே என்றார்.

"அவ கேட்டாளா?" என்றாள் மிஸ்.

"பிள்ளை கேக்கணுமா?"

போகாதீர்கள் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கூடவே ஆகாத கையெழுத்தும், இன்னும் இரண்டு வருடப் படிப்பு பாக்கியிருக்கும் மகளும் வந்து நின்றார்கள். அவள் எழுந்து அலமாரி மேலிருந்த பெட்டியை இறக்கித் துடைக்க ஆரம்பித்தாள். தான் ஏன் போகிறோம் என்று அவளுக்குத் தெரியும் என்பது சாருக்குப் புரிந்தது. அவர் அதற்கு மேல் காரணம் எதுவும் சொல்லவில்லை.

அவர் கிளம்பிய நாள் வேலை நாள். விமான நிலைய பஸ்ஸுக்கு அவர் தனியாகப் போக வேண்டியிருந்தது. வேன் வரும் முன் அவள் கோட்டோடு வாசலில் நின்றாள். பருப்பு எந்த டப்பாவில், சோப்புத்தூள் எவ்வளவு போட வேண்டும், துணி இயந்திரத்தின் எந்தப் பொத்தானை அமுக்கக் கூடாது என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். கீழே வேன்காரன் ஹாரன் அடித்தான். அவள் சட்டென்று கிட்டே வந்து அவருடைய கோட்டின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டு, லிஃப்டுக்குள் போய்த் திரும்பி நின்றாள். கதவு மூடியது.

ஊரில் சார் மகளின் கல்லூரிக்குப் பக்கத்தில் ஒரு வீடு பிடித்தார். விமான நிலையத்திலிருந்து வீடு வரை ஆட்டோக்காரரோடு பேசிக்கொண்டே வந்ததாகவும், இறங்கும்போது அந்த ஆட்டோக்காரரின் குடும்பக் கதை முழுவதும் தனக்குத் தெரிந்திருந்ததாகவும் போனில் சொன்னார். தெருவில் ஒரு டைப்பிங் கடையில் இங்கிலீஷில் மனு எழுதித்தர ஆள் தேடினார்கள். அங்கே போய் உட்கார ஆரம்பித்தார். அங்கே யாரும் வயது கேட்கவில்லை.

மிஸ்ஸுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது, ஒரு வருடத்துக்கு. புதுப் படம் நன்றாக வந்திருக்கிறது என்று தலைமையாசிரியை சொன்னாள். மிஸ் வீட்டுக்கு வந்து தானே வெந்நீர் போட்டுக் காலை வைத்துக்கொள்வாள். நின்றுகொண்டே சாப்பிட்டுவிடுவாள். நாற்காலியில் உட்கார்ந்தால் எதிர் நாற்காலி தெரிகிறது. காற்று விசிலடித்தால் பால்கனிக் கதவைத் திறந்து பார்க்க ஆரம்பித்திருந்தாள்.

வெயில் கொஞ்சம் வெளுப்பு நீங்கிப் பழுத்த ஒரு நாளில், பள்ளி விட்டதும் வாசலில் அந்தக் குட்டிப் பையனின் அம்மா அவளுக்காகக் காத்திருந்தாள். பையனுக்கு முன்பல் முளைத்திருந்தது. அம்மா போனைத் தட்டி நீட்டினாள். 'உங்கள் அப்பா எங்கே? கடையில் காணவில்லை. என் மகன் தேடுகிறான்.'

மிஸ் அதைப் படித்தாள். பையன் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவள் போனை வாங்கி, அவர் ஊருக்குப் போய்விட்டார் என்று எழுதினாள்.

அந்த அம்மா வருத்தமாகத் தலையசைத்தாள். மறுபடி தட்டினாள். 'அப்படியானால் இங்கே தனியாக இருக்கிறீர்களா? உங்கள் கணவர்?'

அவரும் ஊரில்தான் இருக்கிறார் என்று மிஸ் எழுதினாள். அந்த அம்மா அவள் கையைப் பிடித்து ஒரு நிமிடம் வைத்துக்கொண்டிருந்தாள். கதகதப்பான கை. மிஸ்ஸுக்கு அந்தக் கையை உதறவும் முடியவில்லை, பிடித்துக்கொள்ளவும் முடியவில்லை.

சாயங்காலம் சார் கூப்பிட்டார். டைப்பிங் கடையில் இன்று ஒரு பெரியவர் தன் தம்பிமேல் புகார் எழுத வந்து, எழுதி முடிப்பதற்குள் மனசு மாறிப் போய்விட்டார் என்று சொன்னார். மகள் ரசித்துச் சாப்பிட்டாள் என்றார். பள்ளியில் என்ன விசேஷம் என்று கேட்டார்.

"உங்களைக் கேட்டாங்க சார்."

"யாரு?"

"மேஜைக்கு அடியில போவானே, அந்தப் பையனோட அம்மா."

அந்தப் பக்கம் தெருவில் ஏதோ வண்டி போவது மட்டும் கேட்டது.

"யாரைக் கேட்டாங்க மிஸ்? உங்க அப்பாவையா, உன் புருஷனையா?"

"ரெண்டு பேரையும் கேட்டாங்க," என்றாள்.

சார் சிரித்தார். பழைய ஸ்டாஃப் ரூம் சிரிப்பு. அது கொஞ்ச தூரம் போய், பிறகு தானாக நின்றது.

"ரெண்டு பேரும் நல்லா இருக்கோம்னு சொல்லு," என்றார்.

"சரி சார்," என்றாள் மிஸ்.